நான்கு தூண் காற்பந்து

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு கேள்வி. காற்பந்தில் எத்தனை வகை? ஒன்றுதான் என்பீர்கள். நம் தோட்டப் படிப்பு அப்படி. பந்து உருண்டை, பக்கத்துக்குப் பதினோரு பேர், இரண்டு தூண், கையால் தொட்டால் விசில். இதில் என்ன வகை வேண்டிக் கிடக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்பீர்கள்.

எனக்குப் பத்து வயதிலேயே ஆறு வகை தெரியும். மலாய் நாட்டில் சிகாமட்டுக்குப் பக்கத்தில், இப்போது செம்பனை எண்ணெய்க் காடாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தில், பால்மரம் வெட்டுகிறவரின் மகளுக்கு அது எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். தெரிந்ததை நம்பவில்லை. நம்பாததால் என் தாய்மாமாவின் கல்யாணம் நின்றது. நிறுத்தியவள் நான். ஐம்பது வருடத்துக்கு மேல் இதை ஒருவரிடமும் வாய் திறந்து சொன்னதில்லை. போன மாதம்தான் சொல்ல வேண்டியவரிடம் சொன்னேன். அதனால் இனி உங்களிடம் சொல்லலாம்.

மாமா என் அம்மாவுக்குத் தம்பி. இருபது வயதில் சிங்கப்பூர் துறைமுகத்துக்கு வேலை தேடிப் போனவர், ஒரு சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் ஏறிவிட்டார். வெங்காயம் உரிக்கிற வேலைதான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வெங்காயம் உரித்தபடியே உலகத்தைச் சுற்றிவிட்டு, கம்பெனி ஆளைக் குறைத்தபோது, ஒரு தகரப்பெட்டியும் ஒரு சாக்குப்பையுமாக தொழிலாளர் வரிசையான எங்கள் லயத்து வீட்டில் வந்து இறங்கினார். தோட்டத்தில் அவருக்குக் கிடைத்தது புல் வெட்டுகிற வெளிக்காட்டு வேலை. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது.

தகரப்பெட்டியிலிருந்து அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வந்தது. சிகாமட் வெயிலுக்குக் கம்பளிச் சால்வை. அம்மா அதை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தார். அப்பாவுக்கு ஒரு சவரக்கத்தி, எனக்கு வட்ட டப்பாவில் புளிப்பு மிட்டாய். சாக்குப்பையிலிருந்து வந்ததுதான் அந்தப் பந்து.

காய்ந்த மிளகாய்ச் சிவப்பில் தோல். இரண்டு முனையும் கூர், நடுவில் பருமன், கிட்டத்தட்ட ஒரு பப்பாளிக்காய். வயிற்றில் காலில் மாட்டும் சப்பாத்துக்குப் போடுவது மாதிரி கயிற்றுக்கட்டு. முகர்ந்தால் புதுத் தோலும் ஏதோ எண்ணெயும் கலந்த வாசனை. மெல்பர்ன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றிய ஒரு கிழவர், ‘நீ ஊருக்குப் போனதும் ஆடு’ என்று கொடுத்ததாம்.

அப்பா எங்கள் தோட்டக் குழுவின் கோல் கீப்பர். பந்து விஷயத்தில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை. அதைக் கையில் வாங்கி, திருப்பி, அமுக்கி, காதருகில் வைத்து ஆட்டியும் பார்த்தார். பிறகு துக்க வீட்டில் பேசுகிற குரலில், யாரோ உன்னை நன்றாக ஏமாற்றிவிட்டான் மாப்பிள்ளை, இது கப்பல் சூட்டில் வீங்கிப்போன பந்து என்றார். இது இப்படித்தான் இருக்கும் மச்சான் என்று மாமா சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்டுக்கொள்ளவில்லை. கெட்டுப்போன பொருளை வாங்கி வந்தவன் அப்படித்தானே சொல்வான் என்று அம்மாவிடம் பிறகு சொன்னார்.

வெட்டிய ரப்பர்ப் பாலை எடைபோட்டு, குளித்து, சாப்பிட்டு, ஐந்து மணிக்குத் திடலில் ஆட்டம் தொடங்கும்வரை ஆண்களுக்கு வேலை இருக்காது. திடல் ஓரத்தில் கூடி உட்கார்வார்கள். மாமா அங்கேதான் வாயைத் திறந்தார். நாங்கள் பிள்ளைகள் அவர் காலடியில்.

இங்கிலாந்தில் ஒரு காற்பந்து இருக்கிறதாம். பந்தைக் கையில் தூக்கிக்கொண்டே ஓடலாமாம். ஆனால் கூட்டாளிக்குக் கையால் கொடுப்பதென்றால் பின்னால்தான் கொடுக்க வேண்டுமாம். முன்னால் போக ஆசைப்படுகிறவன் பின்னால் வீசுகிறானா என்று எல்லாரும் சிரித்தார்கள். அமெரிக்காவில் இன்னொன்று. அங்கே முன்னாலும் வீசலாம். தலையில் தொப்பி, தோளில் பலகை கட்டிக்கொண்டு மோதுவார்கள். கால் நிமிடம் ஆடுவார்கள், உடனே வட்டமாக நின்று கூட்டம் போட்டுப் பேசுவார்கள், மறுபடி கால் நிமிடம். பந்தைக் காலால் உதைப்பதே அபூர்வமாம். அப்புறம் எதற்கு அதற்குக் காற்பந்து என்று பெயர் என்று அப்பா கேட்டார். அதை நானும் கேட்டேன் மச்சான், அவனுக்கே தெரியவில்லை என்றார் மாமா.

அயர்லாந்தில் பந்து உருண்டைதானாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் ஆட்கள் திருப்திப்பட்டார்கள். ஆனால் கையில் பிடித்து நான்கு எட்டு வைத்து ஓடலாம், அப்புறம் தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அல்லது தன் கால்விரலில் போட்டுத் தன் கைக்கே உதைத்துக்கொள்ள வேண்டும். கோலின் குறுக்குக் கம்பிக்குக் கீழே வலையில் விழுந்தால் மூன்று புள்ளி, கம்பிக்கு மேலே போனால் ஒரு புள்ளி. பிரேசிலில் கொட்டகைக்குள்ளே ஆடுகிறார்கள், பந்து சின்னது, கனமானது, எகிறவே எகிறாது, ஐந்தைந்து பேர்தான்.

கடைசியில் மெல்பர்ன் வரும். மாமா எழுந்து நின்றுகொள்வார். திடலே முட்டை வடிவம். பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ஒவ்வொரு முனையிலும் நான்கு தூண், நடுவில் இரண்டு உயரம், ஓரத்தில் இரண்டு குட்டை. மேலே வரும் பந்தைப் பிடிக்க ஒருவன் இன்னொருவன் தோளில் முழங்காலை வைத்து ஏறுவான், அதற்கு விசில் இல்லை, கைதட்டல்தான். கோல் தூணுக்குப் பின்னால் ஒரு நடுவர் நிற்பார். நீள வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, நம் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் மாதிரி. பந்து நடுத்தூண்களுக்குள் போனால் ஆறு புள்ளி. டிரெஸ்ஸர் இரண்டு கையிலும் ஒவ்வொரு விரலை நீட்டிச் சுடுவதுபோல் காட்டுவார். பிறகு இரண்டு கொடியைக் குறுக்கும் நெடுக்குமாக வீசுவார். குறி தப்பிப் பக்கத்துத் தூணுக்குள் போனாலும் விடமாட்டார்கள். அதற்கும் ஒரு புள்ளி. அப்போது ஒரு விரல், ஒரு கொடி.

கோல் போடாமல் தவறவிட்டவனுக்கும் புள்ளியா? திடல் ஓரமே குலுங்கியது. கோல் கீப்பரான அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. அப்படியென்றால் நான் எதற்கு நிற்கிறேன் என்றார். அங்கே கோல் கீப்பரே கிடையாது மச்சான் என்று மாமா சொல்லித் தொலைத்தார். அன்றோடு அப்பாவின் மரியாதையையும் இழந்தார்.

அந்த வாரத்திலிருந்து தோட்டத்தில் மாமாவுக்குப் பெயர் புளுகன். முகத்துக்கு நேராக யாரும் சொல்லவில்லை. அம்மாகூட, என் தம்பி நல்லவன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று சொல்ல ஆரம்பித்தார். மாமா ஒரே ஒரு முறைதான் இதைப் பற்றிப் பேசினார். அன்று மலாய்க்காரர் கிராமமான பக்கத்துக் கம்பத்து இளைஞர்கள் எங்கள் திடலில் வலை கட்டி, பிரம்புப் பந்தில் செப்பாக் ராகா ஆடிக்கொண்டிருந்தார்கள். தலைகீழாகச் சுழன்று வலைக்கு மேலே காலால் அடிக்கிற ஆட்டம், நீங்களும் பார்த்ததுதான். மாமா வெகு நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இத நான் கப்பல்ல சொன்னேன் பாப்பா. எங்க ஊருல பிரம்புல பின்னுன பந்து, கால்லயே வாலிபால் ஆடுவாங்க, அந்தரத்துல குட்டிக்கரணம் போட்டு அடிப்பாங்கன்னு. ஒருத்தனும் நம்பல. அங்கயும் என் பேரு புளுகன்தான்.”

இதைக் கேட்டு நான் சிரித்தேன். அதுவும் அவர் விடுகிற கதைகளில் ஒன்று என்று நினைத்துக்கொண்டேன். கண்ணெதிரே அந்த ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. என்னத்தைச் சொல்ல.

அந்தப் பந்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதுவரை எங்களுக்குத் தெரிந்த பந்து கோட்டுப்பாலில் செய்தது. மரத்தில் வெட்டிய கோட்டிலேயே காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர் நாடாவை உரித்து, உரித்து, சுற்றிச் சுற்றி உருட்டுவோம். நாற்றம் தாங்காது. கீழே போட்டால் கூரைவரை எகிறும். பையன்கள் அதைக் காலிலேயே வைத்துக்கொண்டு எங்களுக்குக் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள். மாமாவின் பந்து அப்படி யாருக்கும் அடங்கவில்லை. தரையில் பட்டால் எந்தப் பக்கம் திரும்பும் என்று அதற்கே தெரியாது. தோட்டத்திலேயே பெரிய ஆட்டக்காரப் பையன் அதன் பின்னால் ஓடிக் குப்புற விழுந்தான். முதன்முறையாகப் பெண்பிள்ளைகளும் பையன்களும் சரிசமமாக விழுந்து எழுந்தோம்.

மாமா எனக்கு ஒரு உதை காட்டிக்கொடுத்தார். பந்தை நெட்டுக்குத்தாக இரண்டு கையிலும் பிடித்து, நழுவவிட்டு, தரையைத் தொடுமுன் காலால் வாங்குவது. சரியாகப் பட்டால் பந்து பின்பக்கமாகக் கரணம் அடித்துக்கொண்டே நேராகப் போகும். நான் தோட்டத்து மளிகைக் கடைக் கூரையைத் தாண்டி உதைத்திருக்கிறேன். இப்போது படியேறவே கைப்பிடி தேடுகிற இந்தக் கால்தான். சந்தேகம் இருந்தால் அந்தக் கடைக்காரம்மாவைக் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன், அவர் இப்போது இல்லை.

டிரெஸ்ஸர் நடுவர் வேடம் எனக்குத்தான். அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் தொங்கப் போட்டு, இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு, கடைக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டுவேன். பெரியவர்கள் முன்னால் நடிக்க வெட்கம். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள்.

அப்போதுதான் கிராணி தீர்ப்புச் சொன்னார். தோட்ட ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், சிகாமட்டில் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். ஒருநாள் திடலுக்கு வந்தவரிடம் அப்பா பந்தைக் காட்டினார். கிராணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். காற்பந்தில் உலகத்தில் இரண்டே வகை, ஒன்று நாம் ஆடுவது, இன்னொன்று ரக்பி, அதைப் பள்ளிக்கூடத்தில் நானே ஆடியிருக்கிறேன் என்றார். ரக்பி பந்து இதைவிடக் குண்டு, நிறம் பழுப்பு, இரண்டே தூண், இவன் சொல்கிற நான்கு தூணெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது என்றார். மாமா பந்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். படித்தவர் சொன்ன பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

இதற்கிடையில்தான் தங்காக்கிலிருந்து பெண் அமைந்தது. அங்கே ஒரு துணிக்கடையில் துணி அளந்து கொடுக்கிற பெண். பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். கேசரி நன்றாக இருந்தது. கடலில் பயமாக இருக்காதா என்று அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டே கேட்டது. முதல் மூன்று மாதம் பயந்தேன், அப்புறம் வெங்காயம்தான் அழவைத்தது என்றார் மாமா. பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டது. பெண் பார்க்கிற இடத்தில் பெண் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த மாதத்தில் மாமா சட்டைத் துணி வாங்க மூன்று தடவை தங்காக்குக்குப் பஸ் ஏறினார். இத்தனை சட்டை எதற்கு, ஆபீஸ் வேலையா கிடைத்திருக்கிறது என்று அம்மா கேலி செய்தார். லயத்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். வாசலில் இரண்டு சட்டியில் பூச்செடி வைத்தார். வேலை முடிந்து வந்ததும் முதலில் அதற்குத்தான் தண்ணீர். பாட்டெல்லாம்கூட வந்தது. எனக்கு அந்த வயதிலும் புரிந்தது, மாமாவுக்கு இந்தக் கல்யாணம் நடந்தே ஆக வேண்டும்.

அப்பாவுக்கும் புரிந்தது. அதுதான் வினை. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவார்கள், இந்தக் கெட்டுப்போன பந்தைப் பார்த்துச் சிரிப்பார்கள், மாப்பிள்ளை மானம் போய்விடும் என்று அவருக்குக் கவலை. மாமா வேலையில் இருந்த ஒரு மத்தியானம், அப்பா அந்தப் பந்தின் கயிற்றைப் பிரித்தார். உள்ளே இருந்த ரப்பர்ப் பையை வெளியே எடுத்தார். கூர்முனை இரண்டையும் கத்தியால் வெட்டி, கோணி ஊசியால் தைத்தார். காற்றுக்குப் பதிலாகக் கோட்டுப்பாலை உருண்டை பிடித்து உள்ளே திணித்தார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து நாடா எடுத்துக் கொடுத்தேன். ரப்பரைப் பற்றித் தோட்டத்துக்காரனுக்குத் தெரியாததா என்று அவருக்குப் பெருமை. சாயங்காலம் பார்த்தால் அது உருண்டையும் இல்லை, நீளமும் இல்லை. பூசணிக்காய் அளவுக்குக் கனத்தது. நாறியது.

மாமா வந்து பார்த்தார். அப்பா ரொம்ப ஆசையாக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நல்லா இருக்கு மச்சான்,” என்றார் மாமா. அவ்வளவுதான்.

அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுக் குளிக்கப் போனார். மெல்பர்னில் அப்படியொரு ஆட்டம் இருக்கிறது என்பதற்கு அவர் கையில் இருந்த ஒரே சாட்சி அது. அப்பா அன்பினால் செய்தார். இன்று நினைத்தாலும் அவர்மேல் கோபப்பட முடியவில்லை.

பெண் கொடுக்கிறவர்கள் விசாரிக்கிற விதம் உங்களுக்குத் தெரியும். பெரியவர்களைக் கேட்டால் மூடி மறைப்பார்கள் என்று, யாராவது ஒரு பெண்மணியை முன்கூட்டியே அனுப்பி, குழாயடியிலும் கடையிலும் நிற்கிற சின்னப் பிள்ளைகளை விசாரிப்பார்கள். பிள்ளைகள் பொய் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை. உங்களில் எத்தனை பேர் எத்தனை கல்யாணத்துக்குச் சாட்சி சொன்னீர்களோ.

கடை வாசலில் ஒரு சனிக்கிழமை, நீலச் சேலை கட்டிய ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டார். பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது என்றார். ஐஸ் பந்து வாங்கிக் கொடுத்தார். ஐஸைச் சீவி, உள்ளங்கையில் உருட்டி, சிவப்புச் சர்க்கரைப் பாகான சீராப்பு ஊற்றிக் கொடுப்பார்களே, அது. உறிஞ்சிக்கொண்டே பேசினேன். கப்பலில் இருந்து வந்தவர் உங்கள் வீடா என்றார். என் மாமாதான் என்றேன். குடிப்பாரா? மாட்டார். அடிப்பாரா? அவர் எறும்பைக்கூட அடிக்க மாட்டார். நல்லவரா? ரொம்ப நல்லவர். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொல்வாரா என்று அந்த அம்மா கேட்டார்.

“பொய் மட்டுந்தான் சொல்வாரு. எங்க வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

அவர் முகம் மாறியது எனக்குத் தெரியவில்லை. ஐஸ் பந்து கையில் இருந்தது, பார்க்க ஓர் ஆளும் கிடைத்திருந்தது. நான் நான்கு தூணையும் காற்றில் நட்டேன். பதினெட்டுப் பேரையும் ஓடவிட்டேன். டிரெஸ்ஸராகி, சிவப்புச் சாயம் வழிகிற விரல்களை நீட்டிச் சுட்டேன். தவறவிட்டாலும் புள்ளி கொடுப்பார்களாம் என்று சொல்லி நானே விழுந்து சிரித்தேன். அந்த அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு ஐஸ் பந்து வாங்கிக் கொடுத்தார். மாமாவை இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

நான்காம் நாள் தரகர் வந்தார். பெண் கொடுக்க முடியாது என்று திண்ணமாகச் சொல்லிவிட்டார்கள் என்றார். பெண்ணின் அத்தை நேரில் வந்து விசாரித்தாராம். பந்தாட்டம் மாதிரி ஒரு சின்ன விஷயத்துக்கே இவ்வளவு புளுகுகிறவன், பெரிய விஷயத்தில் என்னென்ன மறைப்பானோ, எந்தத் துறைமுகத்தில் எந்தக் குடும்பம் வைத்திருக்கிறானோ என்று பெண்ணின் அப்பா பயந்துவிட்டாராம்.

நீலச் சேலை யார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். யார் சொன்னது என்று அப்பா வீட்டையே இரண்டாக்கினார். ஆள் தெரிந்தால் தோலை உரித்துவிடுவேன் என்றார். அம்மாவுக்குக் கடைக்காரம்மாமேல் சந்தேகம். ஒரு வருடம் அவரோடு பேசாமல், சீனிக்கும் உப்புக்கும் இரண்டு மைல் நடந்து அடுத்த தோட்டத்துக் கடைக்குப் போனார். நானும் கூடவே நடந்தேன். நடந்த ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அப்பாவின் கையை நினைத்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

மாமா மட்டும் சத்தம் போடவில்லை. ஒருநாள் காலையில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தங்காக்குக்குப் போனார். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பி வந்தார். கையில் துணிப்பை இல்லை. வாசலில் நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் தலையில் கை வைத்தார். உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து கதை நின்றது. திடல் ஓரத்தில் உட்கார்வார், ஆனால் வாய் திறக்கமாட்டார். மாமா, அமெரிக்கா என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். அதெல்லாம் சும்மாடா, நான் விட்ட கதை என்றார். அதைக் கேட்டு அப்பா, கடைசியில் ஒத்துக்கொண்டான் பார் என்று சந்தோஷப்பட்டார். பூச்செடிக்கு நான்தான் கொஞ்ச நாள் தண்ணீர் ஊற்றினேன். அந்த வருடக் கடைசியில் சிகாமட் ஆறு பெருகித் தோட்டத்துக்குள் வந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்ததையெல்லாம் கொண்டுபோனது, அந்தப் பந்து உட்பட. வெள்ளம் வடிந்ததும் மாமா சிம்பாங் ரெங்கத்தில் ஒரு லாரிப் பட்டறையில் வேலைக்குப் போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. எத்தனையோ இடம் பார்த்தோம். வேண்டாம் அக்கா என்பார், அவ்வளவுதான்.

நான் வளர்ந்தேன், கல்யாணம் ஆனது, ஜோகூர் பாருவுக்கு வந்தேன், மின்சாதனத் தொழிற்சாலையில் முப்பது வருடம் நின்றேன். நல்லநாள் பெரியநாளில் மாமாவைப் பார்ப்பேன். இருமல் எப்படி, மருந்து சாப்பிட்டீர்களா என்று பேசுவோம். பந்து என்ற சொல்லே எங்களுக்குள் வராது. பாவம், அந்தக் காலத்தில் கொஞ்சம் புளுகிவிட்டார், அதற்கு என் வாயும் சேர்ந்துகொண்டது என்றுதான் அத்தனை வருடமும் எண்ணியிருந்தேன். என்மேல் பழி பாதி, அவர்மேல் பாதி. அப்படி நினைத்தால்தான் தூக்கம் வந்தது.

போன மாதம், சிங்கப்பூர் வேலையிலிருந்து திரும்பிய மகள் சோபாவில் சாய்ந்து கைப்பேசியில் ஏதேதோ தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய படம் ஓடியது. முட்டை வடிவத் திடல். ஒருவன் தோளில் ஒருவன் ஏறினான். பந்து கரணம் அடித்துக்கொண்டே போனது. நான்கு தூண். நடுவில் இரண்டு உயரம், ஓரத்தில் இரண்டு குட்டை. நீள வெள்ளைக் கோட்டில் ஓர் ஆள் இரண்டு விரலை நீட்டிச் சுட்டான். குனிந்து இரண்டு கொடியை எடுத்து வீசினான்.

கீரையெல்லாம் தரையில். என்னம்மா, என்ன ஆச்சு என்று மகள் பதறினாள். இது என்ன ஆட்டம் என்று கேட்டேன். ஆஸ்திரேலியா காற்பந்தும்மா, ரொம்பக் காலமாக ஆடுகிறார்கள் என்றாள், ஏதோ வெண்டைக்காய் விலை சொல்வதுபோல. அமெரிக்கா இருக்கிறதா பார் என்றேன். இருந்தது. அயர்லாந்து? இருந்தது. காலில் போட்டுக் கைக்கு உதைத்துக்கொண்டே ஓடினான். கொட்டகைக்குள் ஐந்தைந்து பேர் ஆடினார்கள். மாமா ஒரு தூணைக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஞாயிறு மகள் சிம்பாங் ரெங்கத்துக்குக் கூட்டிப்போனாள். மாமா தனி வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. பட்டறைக்காரர் கொடுத்த ஒரு அறை, ஒரு சமையலறை, வெளியே துணி உலர்த்துகிற கொடி. மகள் சாப்பாடு வாங்கக் கடைக்குப் போனாள். நான் கைப்பேசியை அவர் கையில் கொடுத்தேன். கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தார். முழுவதும் பார்த்தார்.

“இவன் கொடிய கொஞ்சம் சீக்கிரமா தூக்கிட்டான்லா,” என்றார். “நான் பாத்த ஆளு நிதானமா செய்வாரு.”

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. “மாமா, அன்னிக்குத் தங்காக்கு அத்தைகிட்ட சொன்னது நான்தான்.”

“தெரியும்.”

“எப்படி?”

“நான்தான் மறுவாரம் போயி கேட்டேனே. அந்தம்மாவே சொன்னாங்க. உங்க அக்கா மவ நல்லா நடிக்குது, ரெண்டு ஐஸ் பந்து வாங்கிக் குடுத்தேன்னாங்க.”

ஐம்பது வருடம் அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கும் என் கையால் முறுக்கு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். உன் அப்பன் கை எனக்குத் தெரியாதா, கோல் கீப்பர் கையாச்சே என்று சிரித்தார். அப்புறம் எதற்குக் கதையை நிறுத்தினீர்கள், எங்கள்மேல் கோபம்தானே என்று கேட்டேன். அவர் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

“கோவமெல்லாம் இல்ல பாப்பா. நான் கதை சொன்னா நீ நடிப்ப. நீ நடிக்கறத உங்கப்பன் ஒரு நாள் பாத்தா, அந்தம்மா கேட்டது யாருகிட்டன்னு தெரிஞ்சிரும். பத்து வயசுப் புள்ள. அடிய எப்படித் தாங்கும்? அதான் எல்லாம் பொய்யின்னு சொல்லிட்டேன்.”

நான் அவர் முழங்காலில் தலையை வைத்து அழுதேன். வெளியே ஏதோ ஒரு லாரி பின்னால் வந்து நிற்கிற சத்தம். மாமா என் தோளைத் தட்டினார்.

“நீ நடிச்சத நான் பாத்ததே இல்ல. எங்க, காட்டு.”

அறுபதைத் தாண்டிய பொம்பளை. நாற்காலியைப் பிடித்துத்தான் எழுந்தேன். வெளியே துணிக்கொடியில் கிடந்த இரண்டு துண்டை உருவினேன். வாசலில் நேராக நின்று, காலைச் சேர்த்து, இரண்டு கையையும் இடுப்புக்குக் கொண்டுவந்து, இரண்டு விரலையும் நீட்டப் போனேன்.

“ரெண்டு இல்ல,” என்றார் மாமா. “குறி தப்பி பக்கத்துல போயிருச்சில்ல. ஒண்ணு.”

வலது கையில் ஒரு விரலை மட்டும் நீட்டினேன். ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இன்னொன்றை அவசரப்படாமல் வீசினேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்.

“சரியா இருக்கு,” என்றார்.